ஐ.டி.ஐ.யா, மூன்று மாத இலவசப் பயிற்சியா, நேரடி அப்ரண்டிஸா?

பஸ் ஸ்டாண்டை ஒட்டி நான் வைத்திருப்பது ஜெராக்ஸ் எடுத்து, ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை. வருமானச் சான்றிதழ், பான் கார்டு, பட்டா நகல் என்று வருடம் முழுக்க ஓடும். பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த பிறகு ஒரு மாதம் மட்டும் வேறு மாதிரிக் கூட்டம். மார்க் ஷீட்டோடு ஒரு பையன், பக்கத்தில் அவன் அம்மா. “எதுக்குப் போடணும்?” என்று கேட்டால் இரண்டு பேரும் திரும்பி என்னையே பார்ப்பார்கள்.

இந்த முறை வந்த ஒரு அக்கா வீட்டில் மூன்று பேர் மூன்று வழி சொல்லியிருந்தார்கள். தாய்மாமன் ஐ.டி.ஐ.யில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், சேர் என்கிறார். பையனின் கூட்டாளி, மூன்று மாத இலவசப் பயிற்சி, முடித்தவுடன் வேலை என்று கூப்பிடுகிறான். பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக, அதாவது உதவித்தொகையோடு வேலை பழகுகிறவராக, ஆள் எடுக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்திருக்கிறது. “தம்பி, நீங்களே சொல்லுங்க, எது நல்லது?” என்றார். வரிசையில் பின்னால் எட்டுப் பேர். அன்று அரைகுறையாகச் சொல்லி அனுப்பியதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். படித்தால் வேலை தானாக வரும் என்ற கணக்கு நம் நாட்டில் எப்போதோ பொய்த்துவிட்டது. 2024-ல் வெளியான இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022-ல் பட்டம் பெற்ற இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 சதவீதம். படிக்காதவருக்கு நல்ல வேலை கிடைக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. அவரால் வேலையில்லாமல் காத்திருக்க முடியாது, கிடைத்ததைச் செய்கிறார். இன்னொரு பக்கம், 15 முதல் 29 வயதுக்குள் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 சதவீதம்தான் என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை சொல்கிறது. அதனால்தான் மத்திய அரசும் மாநில அரசும் ஆளுக்கொரு திட்டமாகப் போட்டுக்கொண்டே இருக்கின்றன. திட்டம் பெருகப் பெருகக் குழப்பமும் பெருகுகிறது.

## எதை வைத்து எடை போடுவது?

திட்டத்தின் பெயரையும் போஸ்டரையும் ஓரமாக வைத்துவிட்டு ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

வீடு எத்தனை மாதம் தாங்கும்? பயிற்சி இலவசம் என்பது பாதி உண்மை. அந்த மாதங்களில் பையன் ஜவுளிக்கடையிலோ கம்பெனியிலோ நின்றிருந்தால் கொண்டு வந்திருக்கும் சம்பளம்தான் நிஜமான கட்டணம்.

சான்றிதழ் எந்தக் கதவுகளைத் திறக்கும்? கம்பெனி வாசலில் மட்டும் செல்லுமா, ரயில்வே, மின்வாரிய அறிவிக்கைகளிலும் செல்லுமா?

கருவியைத் தொடும் நேரம் எவ்வளவு? வீடியோவில் பார்த்த வெல்டிங் வெல்டிங் ஆகாது.

சொல்லிக் கொடுப்பவருக்கு எப்போது, எதற்காகப் பணம் வருகிறது? இதை யாரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் பாதி பதில் இதில்தான் இருக்கிறது. ஆள் சேர்த்ததற்குப் பணம் என்றால் ஆள் சேர்ப்பார்கள். வேலையில் நின்றதற்குப் பணம் என்றால் நிற்க வைக்கப் பார்ப்பார்கள்.

நாளைக்கு மேலே போக வழி இருக்கிறதா? பதினேழு வயதில் எடுக்கும் முடிவு முப்பது வயதில் சுவராக நின்றுவிடக் கூடாது.

## ஒரே பார்வையில்

| | அரசு ஐ.டி.ஐ. | குறுகிய கால இலவசப் பயிற்சி | நேரடி அப்ரண்டிஸ் |
|---|---|---|---|
| காலம் | 1 அல்லது 2 வருடம் | சில வாரம் முதல் ஒரு வருடம் வரை | 6 மாதம் முதல் 3 வருடம் வரை |
| கையில் வருவது | மாதம் 750 ரூபாய். தகுதி இருந்தால் கூடுதலாக 1,000 | திட்டத்தைப் பொறுத்து. சிலவற்றில் தங்குமிடம், சாப்பாடு | 2019 விதிப்படி குறைந்தது 5,000 முதல் 9,000 வரை |
| சான்றிதழ் | தேசியத் தொழிற்சான்றிதழ் | அந்த வேலைக்கான திறன் சான்றிதழ் | தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் |
| அரசு வேலைக்குப் பயன் | அதிகம் | மிகக் குறைவு | ரயில்வேயில் நன்றாக |
| மேற்படிப்பு | நேரடி இரண்டாம் ஆண்டு டிப்ளமோ | கிட்டத்தட்ட இல்லை | தனியாக அதை மட்டும் வைத்துக் கடினம் |
| மறைந்திருக்கும் செலவு | இழக்கும் சம்பளம் | பேருக்கு வேலை, நான்காம் மாதம் வீடு | ஒரே ஒரு முறைதான் வாய்ப்பு |

## அரசு ஐ.டி.ஐ.

1950-ல் தொடங்கிய பழைய திட்டம். கவர்ச்சியான பெயரெல்லாம் கிடையாது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் இரண்டு வருடம். வெல்டர், பிளம்பர், கோபா என்கிற கம்ப்யூட்டர் பிரிவு ஒரு வருடம். வெல்டர், வயர்மேன் போன்றவற்றுக்கு எட்டாவது பாஸ் போதும். தமிழ்நாட்டில் ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு, பெண்களுக்கு மேல்வரம்பே இல்லை. ஆனால் முப்பத்தைந்து வயதில் ஐ.டி.ஐ. சேரலாம் என்று சொன்னால் பலர் சிரிக்கிறார்கள்.

பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, புத்தகம், வரைபடக் கருவி, பஸ் பாஸ். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்திருந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 1,000, பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000. ஆக மாதம் 1,750.

சரி, எதிர்க்கணக்கைப் பார்ப்போம். எங்கள் ஊரில் பன்னிரண்டாவது முடித்த பையன் கடையில் நின்றால் சுமாராக 10,000 ரூபாய் கொண்டு வருவான். இரண்டு வருடத்தில் 2,40,000. ஐ.டி.ஐ.யில் அதே இரண்டு வருடத்தில் அதிகபட்சம் 42,000. ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாயை அந்தக் குடும்பம் பையன் மேல் போடுகிறது. அப்பா இல்லாத வீட்டில், கூலி வேலை செய்யும் அம்மாவிடம் போய் “இலவசம்தானே அக்கா” என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இதற்கு மேல், நல்ல கம்பெனிகள் ஐ.டி.ஐ. முடித்தவனையும் ஒரு வருடம் அப்ரண்டிஸாகத்தான் முதலில் எடுக்கும். அப்படிப் பார்த்தால் கணக்கு மூன்று வருடம்.

இவ்வளவும் கொடுத்து எதை வாங்குகிறோம்? கதவுகளை. ரயில்வே உதவி லோகோ பைலட், டெக்னீஷியன் வேலைகளுக்கு ஐ.டி.ஐ. கேட்கிறார்கள். 2025-ல் மின்வாரியக் கள உதவியாளர் 1,794 இடங்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. அறிவித்தபோது கேட்டது எலக்ட்ரீஷியன், வயர்மேன் போன்ற மின்பிரிவு ஐ.டி.ஐ. சான்றிதழ்தான். அந்த நாட்களில் என் கடைக்கு வந்த எத்தனையோ பையன்களுக்கு வயரிங் வேலை தண்ணீர் பட்ட பாடு. சான்றிதழ் இல்லாததால் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை.

மேலே போகும் வழியும் இங்கேதான் அகலம். பத்தாவது முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. படித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். பத்தாவதோடு ஐ.டி.ஐ. சேர்ந்தவர் மொழிப்பாடங்களை எழுதிப் பாஸ் செய்து பன்னிரண்டாவதுக்கு இணையான சான்றிதழ் வாங்கவும் வழி இருக்கிறது.

எந்த ஐ.டி.ஐ. என்பதைவிட எந்தப் பிரிவு என்பது முக்கியம். இதில்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் தமிழ்நாடு அரசு புதுப்பித்திருக்கிறது. 2023 ஜூலையில் ஒரகடத்தில் தொடங்கி வைத்தார்கள். ரோபாட்டிக்ஸ், நவீன சி.என்.சி., மின்வாகன மெக்கானிக் என்று புதுப் பிரிவுகள் வந்திருக்கின்றன. இயந்திரங்களைப் பார்த்தால் நமக்கே படிக்கலாமா என்று ஆசை வரும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் கம்பெனி வேலைதான் குறி என்றால் தைரியமாகச் சேரலாம். ஆனால் மனசுக்குள் அரசு வேலை ஆசை இருக்கிறவர்கள் பழைய அறிவிக்கைகளை ஒருமுறை புரட்டிவிட்டுச் சேருங்கள். அறிவிக்கைகள் பிரிவின் பெயரைப் பார்த்துத்தான் எடுக்கும். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர், மெஷினிஸ்ட் என்ற அந்தக் காலத்துப் பெயர்களுக்குத்தான் இன்னமும் அங்கே மதிப்பு. கோபா ஒரு வருடத்தில் முடிகிறது, ஏசி அறையில் உட்காரலாம் என்று அதற்கு ஓடுகிறவர்கள், பி.சி.ஏ. முடித்தவர்களோடு அதே நாற்காலிக்குப் போட்டி போட வேண்டியிருக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்றுநருக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது. நீங்கள் வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் அது வரும். ஆள் பிடிக்கும் அவசரம் அவருக்கு இல்லை, அது நல்லது. வேலை தேடிக் கொடுக்கும் அவசரமும் இல்லை. நல்ல ஆசிரியர் வாய்த்தால் வாழ்க்கை மாறிவிடும், இல்லையென்றால் ரெகார்டு நோட்டு எழுதியே இரண்டு வருடம் போய்விடும். ஒரு வேலை நாளில், முன்கூட்டிச் சொல்லாமல், காலை பதினொரு மணிக்குப் போய்ப் பணிமனையைப் பாருங்கள். லேத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, தூசி இருக்கிறதா? அது போதும்.

தனியார் ஐ.டி.ஐ. என்றால் ஒரே எச்சரிக்கை: நீங்கள் சேரும் பிரிவுக்கு, பிரிவுக்கென்றே, தேசிய அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கட்டடத்துக்கு அங்கீகாரம் இருந்து பிரிவுக்கு இல்லாமல் போனால் அந்தப் பணம் தண்ணீரில் போட்டதுதான்.

## குறுகிய கால இலவசப் பயிற்சி

இதில் பல பெயர்கள். 2015 ஜூலையில் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம், அதாவது பி.எம்.கே.வி.ஒய்.; கிராமப்புற ஏழை இளைஞர்களுக்காக 2014-ல் வந்த தீனதயாள் உபாத்யாயா திட்டம்; தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் பயிற்சிகள்; ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான தாட்கோ கழகம் வழியாக நடப்பவை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது நியாயமில்லை, அதனால் பிரித்துப் பார்ப்போம்.

பி.எம்.கே.வி.ஒய். பற்றி மத்திய தணிக்கைத் துறை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை வாசிக்க வேண்டிய ஒன்று. பயிற்சி பெற்றவர்களின் வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் 94 சதவீதத்துக்கும் மேற்பட்ட பதிவுகளில் பூஜ்யமோ, வெற்றிடமோ, 1111 என்று வரிசையாக ஒன்றுகளோ இருந்தன. விண்ணப்பம் போடுவதே தொழிலாக இருக்கும் எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இங்கே ஒரு முதியோர் பென்ஷன் விண்ணப்பத்தில் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணில் ஒரு எழுத்து தப்பினால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்! குறுகிய காலப் பயிற்சியிலும் சிறப்புத் திட்டங்களிலும் சான்றிதழ் வாங்கியவர்களில் வேலைக்குப் போனவர்கள் 41 சதவீதம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

ஏன் இப்படி? நான்காம் கேள்வியைக் கேளுங்கள். பணம் எப்போது வருகிறது? திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் பயிற்சி தொடங்கியதும் 30 சதவீதம், சான்றிதழ் கொடுத்ததும் 50 சதவீதம், வேலையில் சேர்த்தால்தான் கடைசி 20 சதவீதம் என்று வைத்திருந்தார்கள். வேலை தேடிக் கொடுக்க அலைவதைவிட அடுத்த பேட்ச் சேர்ப்பது எளிது என்று மையம் நடத்துபவர் நினைத்தால் அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? 2022-க்குப் பிறகு வந்த நான்காம் கட்டத்தில் வேலையில் சேர்ந்தார்களா என்று கணக்கு வைப்பதையே திட்டத்திலிருந்து கழற்றிவிட்டார்கள். எங்கள் பக்கம் ஒரு மையத்தில், பெயர் வேண்டாம், வகுப்பு நடக்கவில்லை என்றாலும் காலையில் விரல் ரேகை வைக்க மட்டும் வந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அங்கே என் கடையில் இருந்தே நாலு பிள்ளைகளுக்குப் பதிவு போட்டுக் கொடுத்தேன் என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான்.

தீனதயாள் திட்டம் கொஞ்சம் வேறு. தமிழ்நாட்டில் ஊரக வாழ்வாதார இயக்கம் வழியாக நடக்கிறது. பெரும்பாலும் தங்கிப் படிப்பது, சாப்பாடும் இலவசம். குறைந்தது 70 சதவீதம் பேரை வேலையில் சேர்க்க வேண்டும் என்பது விதி. மூன்று மாதம் சம்பளம் வாங்கிய சீட்டைக் காட்டினால்தான் வேலையில் சேர்ந்ததாகக் கணக்கு. அதனால் வேலை உண்மையிலேயே கிடைக்கும். கேள்வி, எந்த ஊரில், எந்தச் சம்பளத்தில் என்பதுதான். விழுப்புரம் பக்கத்துப் பெண் திருப்பூரில் தையல் மெஷினிலோ, சென்னையில் ஒரு ஷோரூமிலோ சேருவாள். சம்பளத்தில் அறை வாடகை, சாப்பாடு, மாதம் ஒரு முறை ஊருக்கு வரும் பஸ் காசு எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று சேருவதற்கு முன்பே தாளில் எழுதிப் பாருங்கள். கணக்குக்கான மூன்று மாதம் முடிந்த பிறகு, நான்காவது மாதம் அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அது எந்த அறிக்கையிலும் வராது.

அப்படியானால் இது யாருக்கு? ஏற்கெனவே ஒரு டிகிரி கையில் இருந்து, வேலை கிடைக்காமல் வீட்டில் இருப்பவர்களுக்கு. இரண்டு வருடம் காத்திருக்கவே முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு. வீட்டை விட்டு வெளியே போகவே விடாத குடும்பத்துப் பெண்ணுக்கு, அரசுப் பயிற்சி, தங்குமிடத்தோடு என்றால் அப்பா சம்மதிப்பார் என்ற ஒரே காரணத்துக்காகவும் இது பொருந்தும். அது சின்னக் காரணம் இல்லை. நோயாளி உதவியாளர் போன்ற சில பிரிவுகளில், மருத்துவமனையோடு நேரடித் தொடர்புள்ள மையமாக இருந்தால், நல்ல பலன் கிடைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

சேருவதற்கு முன் மையத்தில் ஒன்றைக் கேளுங்கள்: போன பேட்ச்சில் முடித்த மூன்று பேரின் போன் நம்பர். கொடுத்தால் பேசிப் பாருங்கள். மழுப்பினால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சொந்தமாகத் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வரி: மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. தையல், செல்போன் பழுதுபார்ப்பு, இருசக்கர வாகன மெக்கானிக் என்று முப்பது நாள் அளவில், சாப்பாட்டோடு இலவசம். வேலை தேடித் தரமாட்டார்கள், வங்கிக் கடனுக்கு வழிகாட்டுவார்கள். கடன் தானாக வந்துவிடாது. மேனேஜரைப் போய்ப் பார்க்க நீங்கள்தான் நடக்க வேண்டும்.

## நேரடி அப்ரண்டிஸ்

தமிழில் தொழில் பழகுநர் என்று எழுதுகிறார்கள், ஆனால் அப்படிச் சொல்லி யாரும் கடைக்கு வந்ததில்லை. 1961-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வரும் பயிற்சி இது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆட்கணக்கில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். 2019 விதிகளின்படி குறைந்தபட்ச உதவித்தொகை பத்தாவது முடித்தவருக்கு 6,000, பன்னிரண்டாவதோ ஐ.டி.ஐ.யோ என்றால் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இதை 36 சதவீதம் உயர்த்த மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் 2025 மே மாதம் பரிந்துரைத்தது, அதனால் சேரும் நேரத்தில் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே பெயரில் இரண்டு உலகங்கள் இதில் இருக்கின்றன.

முதல் உலகம் ஐ.சி.எஃப்., ரயில்வே பணிமனைகள், திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. போன்றவை. ஐ.சி.எஃப். 2024-லும் 2025-லும் 1,010 இடங்கள் அறிவித்தது. பரீட்சை கிடையாது; பத்தாவது மார்க்கை வைத்துப் பட்டியல். ஐ.டி.ஐ. இல்லாமல் நேராகச் சேருகிறவர்களுக்கு 330, ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு 680. இந்த இரண்டு எண்களைத்தான் அந்த அக்காவிடம் தாளில் எழுதிக் கொடுத்தேன். பத்தாவதில் 61 சதவீதம் வாங்கிய பையன் 330-க்குள் வர ஆசைப்படலாம், நம்பியிருக்க முடியாது. அந்தப் பட்டியலில் மேலே இருப்பவர்கள் தொண்ணூறுகளில் வாங்கியவர்கள்.

கிடைத்துவிட்டால் இதைப் போல் இன்னொன்று இல்லை. இயந்திரம் உங்கள் கையில், சொல்லிக் கொடுப்பவர் முப்பது வருடம் அதே வேலை செய்தவர். ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு லெவல் 1 என்கிற அடிமட்டப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. பரீட்சை எழுதித்தான் உள்ளே போக வேண்டும். இதைச் சரியாகச் சொல்லாமல், முடித்தால் நேராக ரயில்வே வேலை என்று யூடியூபில் பேசுகிறவர்களை நம்பிப் பல பையன்கள் பின்னால் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது உலகம் தனியார் தொழிற்சாலை. நல்ல கம்பெனியில் பழகினால் அது ஐ.டி.ஐ.யைவிட வேகமாகக் கையைத் திருத்தும். ஆனால் சட்டம் அப்ரண்டிஸைப் பயிற்சி பெறுபவராகத்தான் பார்க்கிறது, தொழிலாளியாக இல்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. முடிந்த பிறகு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. ஒரு ஆபரேட்டர் சம்பளத்தில் பாதிக்கு ஒரு ஜோடிக் கை கிடைக்கிறது, உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு வேறு ஏற்றுக்கொள்கிறது என்றால், ஒரு வருடம் முழுக்க ஒரே போல்ட்டை முறுக்க வைக்கும் கம்பெனிகளும் இருக்கத்தான் செய்யும். விபத்தில் அடிபட்டால் இழப்பீடு மட்டும் சட்டப்படி உண்டு. அதுவும் உங்கள் ஒப்பந்தம் அரசு தளத்தில் பதிவாகியிருந்தால்தான் வாய் திறந்து கேட்க முடியும்.

அதனால் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒப்பந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ‘டிரெய்னி’ என்று அடையாள அட்டையில் போட்டிருந்தால் அது அப்ரண்டிஸ் இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று மேஸ்திரி சொல்வார், இல்லை.

இதில் மறைந்திருக்கும் பெரிய செலவு வேறு ஒன்று. ஒருமுறை அப்ரண்டிஸ் முடித்தவரை ரயில்வே மாதிரி இடங்கள் மறுபடி அப்ரண்டிஸாக எடுக்காது. ஏதோ ஒரு சின்னக் கம்பெனியில் அவசரத்துக்குப் பதிவு போட்டு முடித்துவிட்டு, அடுத்த வருடம் ஐ.சி.எஃப். அறிவிக்கையோடு வந்து நின்ற பையனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையில் இருப்பது ஒரே டிக்கெட். எந்த வண்டிக்கு என்று பார்த்துக் கிழியுங்கள்.

## யார் எதற்குப் போகலாம்?

வீடு இரண்டு வருடம் தாங்கும் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. அரசு ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடப் பிரிவு, முடித்ததும் பெரிய இடத்தில் அப்ரண்டிஸ். மூன்றையும் சமமாக வைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஐந்து கேள்விகளில் நான்குக்கு இந்த வழிதான் பதில் சொல்கிறது. பணம் ஒன்றில்தான் அடி வாங்குகிறது.

ஒரு வருடம்தான் தாங்கும் என்றால் வெல்டர். வெயிலும் புகையும் உண்டு, யாரும் விரும்பிச் சேருவதில்லை, அதனாலேயே இடமும் கிடைக்கும், வேலையும் கிடைக்கும். பத்தாவதில் மார்க் நிறைய இருந்தால் ஐ.சி.எஃப். நேரடி இடத்துக்கு முதலில் போடுங்கள். ஐ.டி.ஐ.யில் சேர்ந்துகொண்டே காத்திருக்கலாம், நஷ்டமில்லை. பாலிடெக்னிக் கிடைக்கும், வீட்டிலும் முடியும் என்றால் அது தனிக் கதை. ஆனால் கணக்கு என்றாலே பயப்படுகிற பிள்ளையை அங்கே தள்ளி அரியரோடு வெளியே கொண்டு வருவதைவிட, ஐ.டி.ஐ. முடித்து இரண்டாம் ஆண்டில் ஏறுவது நல்லது.

ஆறு மாதம்கூடத் தாங்காத வீடுகள் உண்டு. அவர்களிடம் நான் பயிற்சி பற்றியே பேசுவதில்லை. வேலைக்குப் போகட்டும், ஆனால் கடைக்குப் போகாமல் ஒரு தொழில் கற்றுக்கொள்ளும் இடத்துக்கு. எலக்ட்ரீஷியனிடம், லேத் பட்டறையில். அந்தத் தொழிலில் மூன்று வருட அனுபவம் இருந்தால் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதி அதே சான்றிதழை வாங்க வழி இருக்கிறது. இந்த வழியை நான் சொன்ன பிறகுதான் பாதிப் பேருக்குத் தெரிகிறது. முதலாளியிடம் அனுபவக் கடிதம் வாங்க வேண்டும் என்பதால் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வராதீர்கள்.

அந்த அக்கா இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தார். கணக்குப் போட்டிருந்தார்கள். தாய்மாமன் மாதம் இரண்டாயிரம் தருகிறாராம், பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டரிங்குக்குப் போகிறானாம். எலக்ட்ரீஷியன் முதல் விருப்பம், ஃபிட்டர் இரண்டாவது, வெல்டர் மூன்றாவது என்று போட்டு, ஐம்பது ரூபாய் கட்டணத்தைக் கட்டி, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பையன் தாளைப் படித்துக்கொண்டிருந்தான். அம்மா ஒன்றுதான் கேட்டார்: “பஸ் பாஸ் எங்க ஊர் வரைக்கும் குடுப்பாங்களா தம்பி, இல்ல மெயின் ரோடு வரைக்கும்தானா?”